மாட்டிடம் கேஸ், மனிதரிடம் எரு: பள்ளத்தூர் ஆச்சிக்கு ஒரு பதில்

கேள்வி இது: "நானும் எங்கள் வீட்டுச் செட்டியாரும் சென்னையை விட்டுப் பள்ளத்தூருக்கே வந்து ஆறு மாதம் ஆகிறது. பின்கட்டுக்குப் பின்னால் பழைய செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது. தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது. டேங்கிலிருந்து கிணறு 12 அடி. இரண்டு பசு இருக்கிறது, தென்னை, வாழை, எலுமிச்சை என்று அரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் பங்காளிகள் நூறு பேர் வந்து இறங்குவார்கள். கக்கூஸிலிருந்தே கேஸும் உரமும் எடுக்கிற ஏற்பாடு பற்றி மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினான். இனிமேல் சிலிண்டரே வேண்டாம் என்கிறான். கட்டலாமா?"

கட்டலாம் ஆச்சி, ஆனால் தம்பி அனுப்பிய வீடியோவில் இருப்பதுபோலக் கட்ட வேண்டாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், செட்டியார் வீட்டில் கணக்குப் பார்க்க யாரும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற தைரியத்தில் போடுகிறேன். நான் பெரிய படிப்பாளி இல்லை. கொத்தனாராக இருந்து சாண எரிவாயுக் கலன் கட்டப் பழகியவன், காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் 25 வருஷத்துக்கு மேல் இதே வேலைதான். கட்டியதில் இன்றைக்கும் எரிவது உண்டு, என் அவசரத்தால் படுத்துக்கொண்டதும் உண்டு.

கணக்குக்கு முன்னால் ஒன்று. கிணறு 12 அடி என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கேஸ், உரம் எல்லாம் அப்புறம். அந்தக் கிணற்றுத் தண்ணீரை இன்றிலிருந்து குடிக்காதீர்கள், சமையலுக்கும் எடுக்காதீர்கள். நம் பக்கம் பல இடங்களில் மேல்மண் கொஞ்சம்தான், கீழே செம்புறாங்கல். பார்க்கக் கல் மாதிரிக் கெட்டியாக இருக்கும், உடைத்துப் பார்த்தால் உள்ளே புற்று மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும், தண்ணீர் தன் இஷ்டத்துக்குப் போகும். அந்தக் காலத்து டேங்க் பலவற்றுக்கு அடித்தளமே கிடையாது, ஊறிப் போகட்டும் என்று வெறும் மண்ணாகவே விட்டிருப்பார்கள். இப்போது நிரம்பி வழிகிறது என்கிறீர்கள். இத்தனை வருஷம் வழியாமல் இருந்ததே, அதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து, கோலிஃபார்ம் கிருமியும் நைட்ரேட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க லாயக்கில்லை என்பது இந்தியத் தர அளவு. நம் முன்னோர் கூரைத் தண்ணீரை வளவு முற்றத்தில் விழவைத்து அண்டாவில் பிடித்ததும், ஊரணியில் கால் வைக்கவிடாமல் காவல் போட்டதும் சும்மா இல்லை.

சரி, கணக்கு. ஒரு ஆளின் ஒரு நாள் மலத்திலிருந்து கிடைக்கும் கேஸ் ஏறக்குறைய 30 லிட்டர், பழைய கணக்கில் ஒரு கன அடி. வீட்டு அடுப்பில் ஒரு பர்னர் மணிக்கு 250 லிட்டராவது குடிக்கும். நீங்களும் செட்டியாருமாக நாள் முழுக்கத் தருகிற 60 லிட்டரில் அடுப்பு கால் மணி நேரம் எரியும். காலையில் பால் காயும், டிக்காஷனுக்கு வெந்நீர் கொதிக்கும், அதோடு சரி. இட்லிக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

இப்போது தொழுவத்துக்கு வாருங்கள். ஒரு பசு ஒரு நாளைக்குச் சுமாராக 10 கிலோ சாணம் போடும். கிலோவுக்கு 40 லிட்டர் கேஸ் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பசுவுக்கு 800 லிட்டர். ஒரு பர்னர் மூன்று மணி நேரத்துக்கு மேல் எரியும். மாதத்துக்கு 24 கன மீட்டர், ஒரு கன மீட்டர் என்பது ஏறக்குறைய 430 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம், ஆகக் கூட்டிக் கழித்தால் 10 கிலோ. 14.2 கிலோ சிலிண்டரில் முக்கால் பங்கு, மாதா மாதம். இரண்டு பேர் சமையலுக்கு இது தாராளம். தம்பி சொன்ன 'சிலிண்டரே வேண்டாம்' உங்கள் வீட்டில் நடக்கும், ஆனால் அதை நடத்தப்போவது பசு. மனிதக் கழிவைச் சேர்த்தால் கூடுவது பதினான்கில் ஒரு பங்குதான்.

அதனால் நான் சொல்வது: கேஸை மாட்டிடம் வாங்குங்கள், மனிதரிடம் எருவை வாங்குங்கள், இரண்டையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள்.

அப்படியென்றால் உலகமெல்லாம் ஏன் கக்கூஸிலிருந்து கேஸ் எடுக்கிறார்கள், ஏன் வீடியோ எடுக்கிறார்கள் என்று தம்பி கேட்பார். நியாயமான கேள்வி. இது புதுசும் இல்லை. பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோய் இல்லத்தில் 1897-லேயே கழிவிலிருந்து கேஸ் எடுத்து விளக்கு எரித்திருக்கிறார்கள். மலிவுக் கழிப்பறைகளுக்காகச் சுலப் இயக்கத்தைத் தொடங்கிய பிந்தேஸ்வர் பாடக், 1982-ல் பாட்னாவில் ஒரு பொதுக் கழிப்பறைக்குக் கீழேயே கலன் கட்டி கேஸ் எடுத்துக் காட்டினார். ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டுச் சிறைகளில் 2001-லிருந்து கைதிகளின் கழிவில் வரும் கேஸ் சமையலறைக்குப் போகிறது. அதற்கு முன்னால் மலைமலையாக விறகு எரித்தவர்கள், செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, 2005-ல் பசுமை எரிசக்திக்குக் கொடுக்கிற அஷ்டென் விருதும் கிடைத்தது. மடகாஸ்கர் தலைநகரில் லூவாட் என்ற நிறுவனம் தண்ணீரே ஊற்றாத கழிப்பறை வைத்திருக்கிறது, கழிவு ஒரு மக்கும் படலத்துக்குள் பொதிந்து கீழே இறங்கும், ஆள் வந்து பெட்டியோடு எடுத்துப்போய் பொதுக் கலனில் போட்டு கேஸும் உரமும் ஆக்குவார்கள். தம்பி அனுப்பியது பெரும்பாலும் இந்த மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்த இடங்களையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் ஆள், தினமும் அதே ஆள் எண்ணிக்கை, தண்ணீர் அளவாக, பராமரிக்கச் சம்பள ஆள். நம் பக்கத்திலேயே 200 பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி ஒன்று இருந்தால் நானே போய்க் கட்டச் சொல்வேன்: நாளைக்கு 6 கன மீட்டர், அதாவது இரண்டரைக் கிலோ சிலிண்டர் கேஸ், வாரத்துக்கு ஒரு 19 கிலோ வணிக சிலிண்டர் மிச்சம். கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ பெரிய வீட்டை ஹோட்டலாக்கி வருஷம் முழுக்க ஆள் தங்கவைத்தாலும் யோசிக்கலாம். ஆனால் செட்டிநாட்டு வீட்டின் சுபாவம் வேறு. 350 நாள் இரண்டு பேர், நாலு நாள் நூறு பேர். கலனுக்குள் கழிவைத் தின்று கேஸ் உண்டாக்குகிற நுண்ணுயிருக்கு இது ஆகவே ஆகாது. அது வீட்டில் கட்டிய மாடு மாதிரி, தினமும் அதே நேரம் அதே அளவு தீனி கேட்கும். பத்து மாதம் பட்டினி போட்டுவிட்டு ஒரு நாள் விருந்து வைத்தால் வாங்கிக்கொள்ளாது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், பெயர் வேண்டாம், பத்துக் கக்கூஸையும் ஒரு கலனில் இணைத்துக் கட்டிக் கொடுத்தேன். தொடக்கத்துக்கு வண்டி வண்டியாகச் சாணம் கொட்டியிருந்தோம், அந்தச் சாணத்தின் புண்ணியத்தில் இரண்டு மாதம் நீல நிறத்தில் அழகாக எரிந்தது, முதலாளி வந்தவர் போனவரையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். அப்புறம் ஆடி வந்தது. முகூர்த்தம் கிடையாது, ஒரு சொட்டுத் தீனி உள்ளே போகவில்லை. மண்டபத்தைக் கழுவுகிறவர் மட்டும் வாரம் தவறாமல் ஒவ்வொரு கக்கூஸ் பீங்கானிலும் பினாயிலும் ஆசிட்டும் ஊற்றிக்கொண்டிருந்தார், அது நேராகக் கலனுக்குப் போனது, உள்ளே கொஞ்சநஞ்சம் பிழைத்திருந்ததையும் முடித்தது. ஆவணியில் முதல் முகூர்த்தத்துக்கு ஐந்நூறு பேர். பந்தியில் இலை போட்டிருக்கிற நேரம், பின்னால் தவசிப்பிள்ளைகள் காய் நறுக்குகிற இடத்துக்குப் பத்தடி தள்ளி, கலனின் வெளிவாய் வழியாக எல்லாம் வந்தது வந்தபடியே பொங்கி வழிந்தது. அன்றைக்கு நான் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. அடுத்த வாரம் என் கைக்காசில் குழாயைப் பிரித்து வேறு தொட்டிக்குத் திருப்பிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் இதே கணக்குதான் ஆச்சி, அளவு மட்டும் சின்னது. உங்களுக்கு வேண்டிய ஒரு கன மீட்டர் கலனுக்கு, அதாவது நாளைக்கு அவ்வளவு கேஸ் தருகிற கலனுக்கு, நாளொன்றுக்குச் சாணமும் தண்ணீரும் சேர்ந்து 50 லிட்டர் போகும், அது 40 நாள் உள்ளே தங்க வேண்டும், ஆக உள்ளே 2,000 லிட்டருக்கு இடம். அதில் கக்கூஸைச் சேர்த்து, ஃப்ளஷ் ஒரு தடவைக்கு 6 லிட்டர், இரண்டு பேருக்கும் சேர்த்து நாளைக்கு 12 தடவை என்றால் 72 லிட்டர் வெறும் தண்ணீர் கூடுகிறது. 40 நாள் தங்க வேண்டியது 16 நாளில் வெளியே வந்துவிடும், பாதி வெந்த சோறு மாதிரி. படைப்பு அன்றைக்கு நூறு பேர் போய்வந்தால் 3,000 லிட்டர், கலனில் இருக்கிற அத்தனையும் ஒரே நாளில் வெளியே.

தண்ணீரைக்கூடச் சமாளிக்கலாம், இன்னொன்று இருக்கிறது. சாணக் கலனிலிருந்து வருகிற கரைசலை நீங்கள் வாளியில் மொண்டு வெண்டைக்கும் கீரைக்கும் ஊற்றலாம், கையில் பட்டால் கழுவிவிட்டுப் போகலாம். மனிதக் கழிவு ஒரு கரண்டி கலந்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். மலத்தோடு வருகிற உருளைப்புழு முட்டைக்கு ஓடு கெட்டி, நம் ஊர்ச் சூட்டில் கலனுக்குள் 40 நாள் இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, உயிரோடு வெளியே வரும். அது சாக வேண்டுமென்றால் 50 டிகிரிக்கு மேல் சூடேறும் கம்போஸ்ட் குவியலில் ஒரு வாரமாவது கிடக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வருஷத்துக்கு மேல் ஈரம் காய்ந்து சும்மா கிடக்க வேண்டும், உலக சுகாதார நிறுவனம் 2006-ல் கொடுத்த வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. கால் மணி நேர கேஸுக்காக நாளைக்கு 40 லிட்டர் நல்ல கரைசலைக் கெடுத்துக்கொள்வது என்ன வியாபாரம், சொல்லுங்கள். வேடிக்கை என்னவென்றால், சாண எரிவாயுக் கலனுக்கு மத்திய அரசு தந்த மானியத்தில் கழிவறையை இணைத்தால் கூடுதல் தொகை இருந்தது, அதற்காகவே இணைத்துவிட்டு அப்புறம் அடைத்து வைத்திருக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேஸில் சமைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வயதில் எல்லா ஆச்சிகளும் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி என்பதால் சொல்லிவிடுகிறேன். இதில் எரிகிற கேஸ் மீத்தேன், அதற்கு சாதியும் இல்லை, தீட்டும் இல்லை, எதிலிருந்து வந்தாலும் ஒன்றுதான், எரியும்போது வாடையும் இருக்காது. ஆனாலும் கக்கூஸ் கேஸில் படைப்புக்குச் சமைக்க மனசு வராது என்று ஒருவர் சொன்னால் நான் வாதாட மாட்டேன். சாண கேஸ் என்றால் அந்தப் பேச்சே எழாது.

அப்போது கக்கூஸுக்கு என்ன செய்வது? இரட்டைக் குழி. பேர்தான் சாதாரணம், ஆனால் என் அனுபவத்தில் நம் ஊர் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை இன்னும் யாரும் கொண்டுவரவில்லை. மின்சாரம் வேண்டாம், சாக்கடை வேண்டாம், லாரி வேண்டாம். தூய்மை பாரதம் திட்டத்தில் கிராமத்து வீடுகளுக்கு 12,000 ரூபாய் கொடுத்துக் கட்டச் சொன்னதும் இதைத்தான், பல இடங்களில் ஒப்பந்தக்காரர் ஒரு குழியை மட்டும் கட்டிவிட்டுப் போனது வேறு கதை.

ஒரு மீட்டர் விட்டம், ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் ஆழம், இரண்டு குழி. சுவரைச் செங்கலுக்கும் செங்கலுக்கும் இடையே சந்து விட்டுக் கட்ட வேண்டும், தண்ணீரும் கேஸும் மண்ணுக்குள் போவதற்கு, அதனால் மேலே நாற்றக் குழாயும் தேவையில்லை. பீங்கானிலிருந்து வருகிற குழாய் ஒரு சின்னச் சேம்பரில் இரண்டாகப் பிரியும். ஒரு வாயைச் செங்கலும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும். அது நிரம்பியதும் அடைப்பை மாற்றி வையுங்கள், நிரம்பிய குழி சும்மா கிடக்கட்டும். ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 45 லிட்டர் கசடு சேரும் என்பது கணக்கு, உங்கள் இரண்டு பேருக்கு ஒரு குழி எட்டு வருஷம் தாங்கும். விருந்தாளிகளையும் சேர்த்து ஐந்தாறு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் ஊற்றுகிற பீங்கான் வாங்கினால் சரிவு 25 முதல் 28 டிகிரி இருக்கிற கிராமப்புற மாடலாகப் பார்த்து வாங்குங்கள், ஒன்றரை, இரண்டு லிட்டரில் போய்விடும். முட்டி வலிக்கு வெஸ்டர்ன்தான் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், குழி தண்ணீரைத் தாங்கும், கலன்தான் தாங்காது.

கிணறு விஷயத்துக்குத் திரும்புகிறேன். பொடிமண் நிலத்தில், குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இரண்டு மீட்டர் இடைவெளி இருந்தால், கிணறு மூன்று மீட்டரில் இருந்தாலும் பரவாயில்லை என்று விதி சொல்லும். செம்புறாங்கல்லில் அந்த விதியை நம்பி நான் கட்ட மாட்டேன். குறைந்தது பத்து மீட்டர், 33 அடி, தள்ளிப் போக வேண்டும். அதோடு குழியின் அடியை சிமென்ட் போட்டு மூடி, சுற்றிலும் அரை மீட்டர் அகலத்துக்குப் பொடி மணல் போட்டு நிரப்ப வேண்டும். அந்த மணல்தான் உங்கள் வடிகட்டி. செலவு கூடும், முணுமுணுக்காமல் செய்யுங்கள். அரை ஏக்கர் இருக்கிறது, தென்னைப் பக்கமாகப் போய்விடலாம்.

இதில் என்ன கிடைக்கும் என்று கோட்டையூரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஐந்து பேர் குடும்பம், மூன்று வருஷம் பயன்படுத்தி, இரண்டு வருஷம் மூடி வைத்த குழி. திறக்கப் பயந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கடப்பாரையால் மூடியை நெம்பினேன். மருமகள் வீட்டுக்குள்ளேயே போய்விட்டார், அப்பத்தா மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். மூடி விலகியது, ஒரு வாடையும் வரவில்லை. கோடை மழைக்கு முதல் தூறல் விழுந்தால் வருமே, அந்த மண்வாசனைதான் லேசாக வந்தது. உள்ளே காபித்தூள் கசடு காய்ந்த மாதிரிக் கறுப்பும் பழுப்புமாக, பொலபொலவென்று. பக்கத்து முருங்கையின் வேர் செங்கல் சந்து வழியாக உள்ளே நுழைந்து வெள்ளை நூல் நூலாகப் படர்ந்திருந்தது, யாரும் சொல்லாமலே அது எருவைக் கண்டுபிடித்திருக்கிறது. மண்வெட்டியால் எடுத்தோம், எட்டுச் சாக்கு. நடுநடுவே ஷாம்பு பாக்கெட், ஒரு பல் துலக்கும் பிரஷ், ஒரு கோலிக்குண்டு, போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே. அப்பத்தா முந்தானையை விட்டுவிட்டு ஒரு பிடி எடுத்து உதிர்த்துப் பார்த்தார், "இதுக்கா இத்தனை பயம்" என்றார். தென்னைக்கும் எலுமிச்சைக்கும் வைத்தார்கள். கீரைக்கு வைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், இரண்டு வருஷம் ஆனாலும் பச்சையாகத் தின்கிறதுக்கு வைக்காமல் இருப்பது நல்லது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பெரிய வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் முகப்பையும் வளவையும் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் எழுதுவார்கள், பின்சந்தைப் பார்த்த குட்டைக் கதவை யாரும் படம் எடுப்பதில்லை. எடுப்புக் கக்கூஸுக்கு என்று வைத்த கதவு அது. விடியற்காலையில் அந்த வழியாக வந்து வாளியில் அள்ளிப் போனவர்கள் யார் என்று உங்கள் தலைமுறைக்குத் தெரியும். 1993-லும் மறுபடி 2013-லும் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார்கள். வாளி போனது, செப்டிக் டேங்க் வந்தது, இப்போது டேங்குக்குள் ஆளை இறக்குகிறார்கள். உள்ளே முட்டை அழுகிய வாடை வரும், அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் அந்த வாடையே தெரியாது, அடுத்த நிமிஷம் ஆள் விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். அப்படி இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் டேங்கை இப்போது காலி செய்துதான் ஆக வேண்டும். நீள ஹோஸ் வைத்திருக்கிற லாரியாகப் பார்த்துக் கூப்பிடுங்கள், ஹோஸைப் பக்கத்துச் சந்து வழியாக உள்ளே இழுத்துவிடலாம். "அடியில கொஞ்சம் கெட்டியா இருக்கு, இறங்கி அள்ளிடுறோம்" என்பார்கள். கூடாது என்று சொல்லுங்கள். கெட்டியாக இருந்தால் இருக்கட்டும், சுண்ணாம்பு தூவி, மண் போட்டு மூடிவிடலாம், அந்த டேங்க் இனி வேண்டாம். லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள், கண்மாய்க்கரையில் என்றால் வேறு லாரி பாருங்கள்.

நூறு பேர் வருகிற நாளுக்குத் தனி ஏற்பாடு. தோட்டத்து ஓரத்தில் இரண்டு, மூன்று கக்கூஸ், அதற்கென்று ஒரு ஜோடிக் குழி, கொஞ்சம் அகலமாக. மற்ற நாள் பூட்டிக் கிடக்கட்டும், குழிக்குப் பட்டினி கிடப்பது பிரச்சினையே இல்லை. ஆண்களுக்குச் சிறுநீர் கழிக்க மட்டும் ஒரு மறைப்புக் கட்டி, அதைத் தண்ணீர் கலக்காமல் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. நம் உடம்பிலிருந்து போகிற தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பெரும்பங்கு சிறுநீரில்தான் போகிறது. நம் நாட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு ஆளின் ஒரு வருஷச் சிறுநீரில் 2.3 கிலோ நைட்ரஜன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், ஐந்து கிலோ யூரியாவுக்குச் சமம். உடனே பணம் கொட்டும் என்று நினைக்க வேண்டாம், 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் 266 ரூபாய் சொச்சம், உங்கள் இருவரின் வருஷ உற்பத்தி 60 ரூபாய்கூடத் தேறாது. ஆனால் வாழைக்குத் தெரியும் வித்தியாசம். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, தண்டில் படாமல், ஓரடி தள்ளி ஊற்ற வேண்டும், தார் வெட்டுவதற்கு ஒரு மாதம் முன்னால் நிறுத்திவிட வேண்டும். திருச்சி மாவட்டம் முசிறியில் இதைப் பொதுக் கழிப்பறையாகவே நடத்திக் காட்டியிருக்கிறார்கள், மலம் ஒரு பக்கம், சிறுநீர் ஒரு பக்கம், சாம்பல் தூவுவது, வந்து போகிறவருக்கே சில்லறைக் காசு. அந்த வேலையைச் செய்த ஸ்கோப் அமைப்பின் சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உலர் கழிப்பறை நல்ல முறைதான், தண்ணீர் ஏறி நிற்கிற தாழ்வான நிலத்துக்கு அது நல்ல பொருத்தம். ஆனால் வருகிற பங்காளிகள் நூறு பேருக்கும் எந்த ஓட்டையில் எது என்று யார் பாடம் எடுப்பது? அதனால்தான் உங்களுக்கு நான் சொல்லவில்லை.

குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர் எதுவும் குழிக்குப் போகக் கூடாது, நேராக வாழைக்கு.

இனி சாணக் கலன். தீனபந்து மாடல் கேளுங்கள், 1984-ல் வந்தது, தரைக்கடியில் குமிழ் மாதிரி, துருப்பிடிக்கிற இரும்பு மூடி கிடையாது. ஒரு கன மீட்டர் அளவு போதும். அதற்கு முழுத் தீனி 25 கிலோ சாணம், உங்களிடம் 20 இருக்கிறது, மீதிக்குச் சோறு வடித்த கஞ்சி, காய்கறித் தோல், புளித்த மாவு போடலாம். எலுமிச்சைத் தோலும் ஊறுகாயும் வேண்டாம். குமிழின் உள்பக்கம் பூச்சும் பெயின்ட்டும் சரியாக இல்லாவிட்டால் கேஸ் கசியும், இந்த ஓர் இடத்தில் மட்டும் கொத்தனாரிடம் கஞ்சம் பிடிக்காதீர்கள். செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு போடலாமா என்று ஒரு செட்டியார் என்னிடம் கேட்டிருக்கிறார், கண்ணாடி மாதிரி பளபளக்கும்தான், கேஸைப் பிடித்துவைக்காது. குழாயில் தாழ்வான இடத்தில் தண்ணீர் இறங்க ஒரு வால்வு வையுங்கள். என் முதல் கலனில் நான் அதை மறந்தேன், ஒரு மாதத்தில் அடுப்பு இருமத் தொடங்கியது, குழாய்க்குள் நீர் கோத்திருந்தது. அடுப்பும் இதற்கென்று வருகிறதையே வாங்குங்கள், சிலிண்டர் அடுப்பின் துளை இதற்குச் சின்னது. முதல் தடவை நிரப்பி முப்பது, நாற்பது நாள் பொறுக்க வேண்டும், முதலில் சேருகிற கேஸில் காற்றுக் கலந்திருக்கும், பற்றவைக்காமல் திறந்துவிட்டுவிடுங்கள். கலனைப் பார்க்கப் போகிறவர் கையில் பீடி இருக்கக் கூடாது. தொழுவத்திலிருந்து சாணம் கரைக்கிற தொட்டி நாலு எட்டில் இருக்க வேண்டும், தூரமாக வைத்தால் ஆறு மாதத்தில் அலுத்து விட்டுவிடுவீர்கள், நான் பார்த்தவரை கலன் படுப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு வேலை. ஒரு வாரம் தினமும் சாணத்தை வாளியில் போட்டு எடை பாருங்கள், நான் சொன்ன பத்துக் கிலோ உங்கள் மாட்டுக்குச் சரியா என்று தெரிந்துவிடும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கிணற்றில் தண்ணீர் எத்தனையாவது உறை வரை ஏறும் என்று பக்கத்து வீட்டில் பழைய ஆள் யாரையாவது கேட்டு எழுதுங்கள். குழியின் ஆழத்தை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.